சோலார் மானியம் 78,000 ரூபாய்: கரண்ட் பில்லில் உள்ள பெயரிலிருந்து தொடங்குங்கள்

மொட்டை மாடியில் சோலார் போட முடிவெடுத்தாயிற்றா? கரண்ட் பில்லைக் கையில் எடுத்து, இணைப்பு யார் பெயரில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். பல வீடுகளில் அது இன்னும் தாத்தா பெயரிலேயே ஓடிக்கொண்டிருக்கும். பில் கட்டும் வரைக்கும் அதனால் ஒரு தொல்லையும் இல்லை. ஆனால் வீட்டு மாடி சோலாருக்கு மானியம் தரும் மத்திய அரசின் பி.எம். சூர்யா கர் திட்டத்தில் விண்ணப்பம் நகர்வது மின் இணைப்பு எண்ணை வைத்துத்தான். பணமும் அந்த இணைப்புக்குரியவரின் வங்கிக் கணக்குக்குத்தான் போகும். தாத்தா காலமாகி, கணக்கு பேரன் பெயரில் இருந்தால் பேனல் மின்சாரம் தரும், மானியம் வராது.

ஆகவே பெயர் மாற்றத்தை முதலில் முடியுங்கள். வாரிசுச் சான்று, சொத்து வரி ரசீது, மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம் எல்லாம் கேட்பார்கள். இதில் சில வாரங்கள் போனாலும் பரவாயில்லை, பேனல் காத்திருக்கட்டும்.

நம் ஊருக்கே உரிய இன்னொரு சிக்கல் இனிஷியல். ஈபி அட்டையில் ‘செல்வராஜ் கே’, பாஸ்புக்கில் ‘கே. செல்வராஜ்’, ஆதாரில் ‘செல்வராஜ் குப்புசாமி’ என்று இருக்கும். ஆள் ஒருவர்தான் என்பது நமக்குத் தெரியும், கம்ப்யூட்டருக்குத் தெரியாது. மூன்றையும் பக்கத்தில் வைத்து ஒத்துப் பார்த்துவிட்டு, தேவையான திருத்தத்தை விண்ணப்பிக்கும் முன்பே செய்துவிடுங்கள்.

மானியக் கணக்கைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். முதல் 2 கிலோவாட்டுக்கு கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், மூன்றாவது கிலோவாட்டுக்கு 18,000. ஆக மொத்தம் 78,000. அதற்கு மேல் 5 கிலோவாட் போட்டாலும் அதே 78,000தான். பேனல்களின் மொத்தத் திறன், பேனல் தரும் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றபடி மாற்றும் இன்வெர்ட்டரின் திறன் இரண்டில் எது குறைவோ அதற்குத்தான் மானியம். 540 வாட் பேனல் ஐந்தும் 3 கிலோவாட் இன்வெர்ட்டரும் மாட்டினால் அது 2.7 கிலோவாட் என்றே கணக்காகும். 72,600 ரூபாய் வரும். ஆறு பேனல் என்றால் 3.24 கிலோவாட். இன்வெர்ட்டர் 3 என்பதால் முழு 78,000 கிடைக்கும். ஒரு பேனலில் 5,400 ரூபாய் வித்தியாசம். ‘3 கிலோவாட் சிஸ்டம்’ என்று மட்டும் எழுதிய கொட்டேஷனை ஏற்காதீர்கள். பேனல் எத்தனை, ஒவ்வொன்றும் எத்தனை வாட் என்று எழுதி வாங்குங்கள்.

அதே தாளில் ‘டிசிஆர் பேனல்’ என்ற சொல்லும் இருக்க வேண்டும். பேனலுக்குள் மின்சாரம் உண்டாக்கும் சோலார் செல்லும், பேனலும் இரண்டுமே இந்தியாவில் தயாரானவை என்று அதற்குப் பொருள். வெளிநாட்டு செல்லை இங்கே கோத்துச் செய்த பேனல் விலை குறைவு, ஆனால் மானியம் இல்லை. டிசிஆர் என்று சொல்லிவிட்டு வேறு பேனலை இறக்கும் ஆட்களும் உண்டு. அதனால் லாரியிலிருந்து இறக்கியதும், ஸ்டாண்டில் ஏற்றும் முன்பே, ஒவ்வொரு பேனலையும் திருப்பி லேபிளைப் போட்டோ எடுங்கள். மாடல், வாட், வரிசை எண் மூன்றும் தெளிவாக விழ வேண்டும். திட்டத்தின் இணையதளமான போர்ட்டலில் ஏற்றுவது இந்த வரிசை எண்களைத்தான். மாட்டிய பிறகு தளத்தில் மல்லாந்து படுத்து எட்டிப் பார்த்தாலும் ஓர் எண்கூடச் சரியாகத் தெரியாது.

வரி விஷயம். வீட்டு சோலாருக்கு வருமான வரியில் கழிவு எதுவும் கிடையாது, இந்த நேரடி மானியம் மட்டுமே. ஜிஎஸ்டியில் மட்டும் ஒரு மாற்றம் நடந்திருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் சோலார் கருவிகளுக்கு வரி 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தது. பொருள், வேலை இரண்டையும் சேர்த்து ஒப்பந்தம் போடும்போது 70 சதவீதத்தைப் பொருளாகவும் 30 சதவீதத்தை வேலையாகவும் எடுத்துக்கொள்வார்கள். வேலைக்கு 18 சதவீதம். வரி நீங்கலாக 1,80,000 ரூபாய் என்று பேசினால் பொருளுக்கு 6,300, வேலைக்கு 9,720, ஆக 16,020 ரூபாய் வரி. பழைய கணக்கில் அது 24,840. பில்லில் மொத்த வரியாக இன்னும் 13.8 சதவீதம் போட்டிருந்தால் கேள்வி கேளுங்கள், 8.9 சதவீதம்தான் சரி.

விண்ணப்பம் எளிதுதான். போர்ட்டலில் மொபைல் எண்ணைப் பதிந்து, மாநிலம், மின் நிறுவனம், இணைப்பு எண் கொடுக்க வேண்டும். 10 கிலோவாட் வரை தொழில்நுட்ப ஆய்வு தேவையில்லை. பிறகு சோலார் மாட்டித்தர போர்ட்டலில் பதிவு பெற்ற வென்டரைத் தேர்ந்தெடுங்கள். பட்டியலில் இல்லாதவர் எவ்வளவு நன்றாக வேலை செய்தாலும் மானியம் கிடையாது. ஐந்து ஆண்டுப் பராமரிப்பு வென்டரின் பொறுப்பு, ஒப்பந்தத்தில் அந்த வரி இருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள்.

இடம் கிலோவாட்டுக்குச் சுமார் 100 சதுர அடி வேண்டும், அதுவும் நிழல் விழாத இடம். தண்ணீர் டேங்க்கின் நிழலோ பக்கத்து வீட்டுத் தென்னை மட்டையின் நிழலோ ஒரு பேனலில் விழுந்தாலும், ஒரே வரிசையில் கோத்த மற்றவற்றின் உற்பத்தியும் சரியும். காலை 9, நண்பகல், மாலை 4 என மூன்று வேளை மாடிக்குப் போய் நிழலின் விளிம்பைச் சாக்பீஸால் கோடிட்டுப் பாருங்கள். பேனலின் முகம் தெற்கு நோக்கி, 10 முதல் 13 டிகிரி சாய்வில் இருக்கட்டும். டிசி (பேனல் பக்கம்), ஏசி (வீட்டு மின்சாரப் பக்கம்), இடிதாங்கி மூன்றுக்கும் தனித்தனி எர்த் குழி போடச் சொல்லுங்கள். ஒரே குழியில் மூன்றையும் முடிச்சுப் போட்டுவிட்டுப் போவது வழக்கமாக நடக்கிறது, விடாதீர்கள்.

பேட்டரி இல்லாமல் ஈபி லைனோடு இணைத்த ஆன்-கிரிட் சிஸ்டம் என்றால் கரண்ட் போகும்போது சோலாரும் நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்யும் லைன்மேனுக்கு ஷாக் அடிக்காமலிருக்க அப்படி வைத்திருக்கிறார்கள். பழுது என்று நினைத்து வென்டரைத் திட்ட வேண்டாம்.

வேலை முடிந்ததும், ஈபியிலிருந்து வாங்குவதையும் (இம்போர்ட்) ஈபிக்குக் கொடுப்பதையும் (எக்ஸ்போர்ட்) அளக்கும் இருவழி மீட்டருக்கு விண்ணப்பித்து, ஈபி ஆட்கள் வந்து பார்த்து, சிஸ்டம் இயங்கத் தொடங்கியதைச் சொல்லும் கமிஷனிங் அறிக்கை போர்ட்டலில் ஏறிய பிறகே வங்கி விவரம் கொடுக்கும் கட்டம் வரும். ரத்து செய்த காசோலையை அங்கே ஏற்றினால் 30 நாளுக்குள் மானியம் வர வேண்டும். மீட்டர் மாட்டிய அன்றே இம்போர்ட், எக்ஸ்போர்ட் இரண்டு ரீடிங்கையும் திரையோடு போட்டோ எடுத்து வையுங்கள். முதல் பில்லில் எக்ஸ்போர்ட் யூனிட் கழியாமல் வந்தால் ஈபி உதவிப் பொறியாளரின் (ஏ.இ.) ஆபீஸில் காட்ட அந்தப் போட்டோ வேண்டும். 3 கிலோவாட்டுக்கு நாளைக்குச் சராசரியாக 12 யூனிட் வர வேண்டும். நல்ல வெயில் நாளிலும் 8-ஐத் தாண்டவில்லை என்றால் முதலில் தூசியைத் துடையுங்கள், அதிகாலையில், கண்ணாடி சூடாகும் முன்.