எமிலி டிக்கின்சனை எங்கிருந்து தொடங்கலாம்?

அமெரிக்கக் கவிஞர் எமிலி டிக்கின்சனை இதுவரை படிக்காதவர்கள் அவருடைய மரணக் கவிதைகளில் தொடங்க வேண்டாம். அவை நிச்சயம் பெரிய கவிதைகள்தான், ஆனால் முதலில் ‘A Bird, came down the Walk’ என்ற பறவைக் கவிதையைப் படியுங்கள். ஒரு பறவை நடைபாதையில் வந்து இறங்குகிறது. யாரோ பார்ப்பது அதற்குத் தெரியாது. மண்புழுவை இரண்டாகக் கடித்து, பச்சையாகவே தின்கிறது. பக்கத்துப் புல்லில் ஒரு துளி பனியைக் குடிக்கிறது. அப்புறம், சுவரோரமாகத் தத்தி ஒதுங்கி, ஒரு வண்டுக்கு வழி விடுகிறது! கொலையும் மரியாதையும் எட்டே வரிகளுக்குள். இந்தக் கண்தான் எமிலி.

மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஆம்ஹர்ஸ்ட் ஊரில் 1830இல் பிறந்தார். பிற்காலத்தில் வீட்டை விட்டு வெளியே வருவதே அரிதானது. கிட்டத்தட்ட 1,800 கவிதைகள் எழுதியிருக்கிறார். உயிரோடு இருந்தபோது அச்சானவை பத்து சொச்சம், அவையும் பெயர் இல்லாமல். 1886இல் அவர் இறந்த பிறகுதான், கையாலேயே தைத்து வைத்திருந்த கவிதைக் கட்டுகள் தங்கை லவினியாவின் கண்ணில் பட்டன.

1890இல் வந்த முதல் தொகுப்பில் பதிப்பாசிரியர்கள் அவர் சொற்களுக்கு நடுவே போட்டிருந்த சின்னக் கோடுகளை (dash) நீக்கி, சந்தத்தைத் திருத்தி, தலைப்பும் வைத்துவிட்டார்கள். எனக்கு அது இன்னும் ஆறவில்லை. அந்தச் சின்னக் கோடுகளில்தான் அவர் மூச்சு நின்று நின்று வருகிறது. வாங்குவதாக இருந்தால், 1955இல் தாமஸ் ஜான்சன் கையெழுத்துப் பிரதிகளைப் பார்த்துப் பதிப்பித்த பாடத்தையோ, அதற்குப் பின் வந்த பதிப்பையோ வாங்குங்கள்.