டேவ் நின்ற இடம்

பார்சல் சர்வீஸ் ஒன்றில் எட்டு வருஷம் இரவு புக்கிங் கிளார்க்காக இருந்தேன். பத்தரைக்கு ஒரு லாரி போனால் அடுத்தது மூன்று மணிக்குத்தான். அந்த இடைவெளியில் கையில் கிடைத்தது ஜாக் லண்டனின் ‘கானகத்தின் குரல்’, பெ. தூரன் மொழிபெயர்ப்பு. நாய்க் கதைதானே, தூக்கம் வராமல் இருந்தால் சரி என்றுதான் பிரித்தேன்.

உள்ளே போனால் எங்கள் தொழில்! 1896-இல் கனடாவின் க்ளாண்டைக்கில் தங்கம் கிடைத்ததும் உலகமே அங்கே ஓடுகிறது. பனிப் பாதையில் சரக்கும் தபாலும் இழுக்க நாய்கள் வேண்டும். கலிபோர்னியாவில் நீதிபதி வீட்டுச் செல்லமான ‘பக்’ என்ற நாயைத் தோட்ட வேலைக்காரன் திருடி விற்றுவிடுகிறான். எடை 140 பவுண்டு. எங்கள் கோடவுனில் சிமெண்ட் மூட்டையே அதைவிட இலேசு.

ஹால் என்றொரு கத்துக்குட்டி வருகிறான். ஒரே வண்டிக்கு 14 நாய். அத்தனைக்கும் வேண்டிய தீனியை ஒரு வண்டியில் ஏற்ற முடியாது என்பது அனுபவசாலிகளுக்குத் தெரியும். இவன் கூட்டமோ ஒரு நாய்க்கு இவ்வளவு, இத்தனை நாள் என்று பென்சிலால் கணக்குப் போட்டுக் கிளம்பிவிடுகிறது. அப்படிப்பட்ட மேனேஜர்களிடம் நானும் குப்பை கொட்டியிருக்கிறேன்.

ஆனால் என்னைப் பிடித்துக்கொண்டது டேவ் என்ற இன்னொரு நாய். டாசன் என்ற ஊரிலிருந்து தபால் வண்டி இழுத்து வரும் வழியில் அதற்கு உள்ளுக்குள் ஏதோ நோய். ஓய்வாகப் பின்னால் ஓடி வரட்டும் என்று அவிழ்த்துவிடுகிறார்கள். அது தன் இடத்தில் பூட்டிய நாயின் வார்களைக் கடித்து அறுத்துவிட்டு, வண்டிக்கு முன்னால் வந்து நிற்கிறது. வேறு வழியில்லாமல் திரும்பப் பூட்டுகிறார்கள்.

எங்கள் லோடுமேன் அண்ணன் ஒருவர் இருந்தார். லாரிக்குள் நின்று அடுக்குவது அவர் வேலை. அவர் அடுக்கினால் கண்ணாடிச் சரக்குகூட ஊர் போய்ச் சேரும். இடுப்பு வலி வந்து குனிய முடியாமல் போனதும் கேட்டில் ரெஜிஸ்டர் எழுத உட்கார வைக்கச் சொன்னது நான்தான். நல்லது செய்ததாக நினைப்பு. மூன்று மணி லாரி வந்தால் கேட்டில் ஆள் இருக்காது. உள்ளே ஏறி, புதுப் பையன் அடுக்கியதைக் கலைத்து மறுபடி அடுக்கிக்கொண்டிருப்பார். எல்லார் முன்னாலும் ஒருநாள் கத்திவிட்டேன். அதற்கப்புறம்தான் டேவ் கதையைப் படித்தேன்.

ஒரு ராத்திரி டீ வாங்கிக் கொடுத்து அவருக்கு அதைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவர், “நாய் கரெக்டா எந்த எடத்துல வந்து நின்னுச்சு தம்பி?” என்றார்.

“வண்டிக்கு நேர் முன்னால, அதோட பழைய எடத்துலதாண்ணே.”

“ம்.” டீயை உறிஞ்சினார். “அப்ப அதையே பூட்டிட்டாங்கள்ல?”

பூட்டிவிட்டார்கள் என்றேன். மறுநாள் அதனால் எழ முடியாமல் போனதையும், ஒருவன் மட்டும் வந்த வழியே திரும்பிப் போனதையும், பின்னால் கேட்ட துப்பாக்கிச் சத்தத்தையும் சொல்லவில்லை.