ஒன்பதாம் நாளின் நிறம்

"முடியுமே" என்றுதான் சொன்னேன். "முடியும்" என்று நிறுத்தியிருக்கலாம். "ஓரளவுக்கு முடியும்" என்று சொல்லியிருந்தால் அதுவே சரியான விடையாகவும் இருந்திருக்கும். அந்த ஏகாரம் எங்கிருந்து வந்தது என்று நான்கு ஆண்டுகளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஒரு துறையை இருபது ஆண்டுகளாக நேசித்தவளின் குரலில் தானாக வந்து ஒட்டிக்கொண்ட பெருமிதம் அது என்று சில நாள்களில் தோன்றும். வேறு சில நாள்களில், கேட்டவளின் முகத்தைப் பார்க்காமல் கேள்வியை மட்டும் பார்த்தவளின் குரல் என்று தோன்றும்.

இரண்டாம் ஆண்டு மருத்துவ மாணவர்களுக்கு நோய்க்குறியியலை, அதாவது பெத்தாலஜியை, அறிமுகப்படுத்தும் முதல் வகுப்பை நான் எப்போதும் ஒரே வரிசையில்தான் நடத்துவேன். முதல் பத்து நிமிடம் வரலாறு. இத்தாலிய மருத்துவர் மோர்காக்னி தம் எழுபத்தொன்பதாம் வயதில், 1761இல், நோய்களின் இருப்பிடங்களையும் காரணங்களையும் பற்றிய தம் பெரிய நூலை வெளியிட்டார். உயிரோடு இருந்தபோது நோயாளி சொன்ன வேதனையையும் இறந்தபின் உறுப்பில் கண்ட மாற்றத்தையும் அருகருகே வைத்தார். நோய் உடல் முழுதும் ஓடும் திரவங்களின் கோளாறு என்றிருந்த நம்பிக்கை அசைந்து, 'நோய் எங்கே இருக்கிறது' என்ற கேள்வி நிலைபெற்றது. 1858இல் பெர்லினில் விர்ஷோ என்ற மருத்துவர் அந்தக் கேள்வியை உறுப்பிலிருந்து செல்லுக்கு இறக்கினார். இதைச் சொல்லி முடித்ததும் மாணவர்களை எங்கள் துறையின் அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் சென்று, மாரடைப்பில் இறந்த ஒருவரின் இதயம் உள்ள ஜாடியின் முன் நிறுத்துவேன்.

அந்த இதயத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. இடது கீழறையின் முன்சுவரில் இறந்த பகுதி மஞ்சளாக, மென்மையாகி, ஓரத்தில் செந்நிறமாகச் சற்றே பள்ளம் விழுந்து தெரியும். முதல் நாளே மாணவர்கள் கண்ணால் பார்த்துப் புரிந்துகொள்ளக்கூடிய பாடம் அது. இரத்தம் நின்று இருபது முதல் நாற்பது நிமிடங்களுக்குள் தசைச் செல்கள் மீள முடியாத கட்டத்தைக் கடந்துவிடுகின்றன. ஆனால் வெறும் கண்ணுக்கு அப்போது எதுவும் தெரியாது. ஒரு நாளுக்குள் அந்த இடம் கருமை படியத் தொடங்கும். மூன்று நாள்களுக்குள் வெள்ளணுக்கள் வந்து குவியும். ஏழாம் நாளிலிருந்து பத்தாம் நாள் வரை மஞ்சள் உச்சத்தில் இருக்கும்; இறந்த தசையை விழுங்கி அகற்றும் செல்கள் மும்முரமாக வேலை செய்ய, விளிம்பில் புதிய இரத்தக் குழாய்கள் முளைத்துச் சிவப்பு வளையம் தோன்றும். இரண்டு மாதம் கடந்தால் வெண்தழும்பு மட்டுமே எஞ்சும். "இந்தச் சுவரில் ஒரு நாள்காட்டி இருக்கிறது" என்று ஒவ்வோர் ஆண்டும் சொல்வேன். அன்றும் சொன்னேன்.

மற்றவர்கள் போன பிறகு அந்த மாணவி ஜாடியின் அருகிலேயே நின்றாள். "மேடம், ஒரு ஹார்ட்டைப் பார்த்தே எத்தனை நாளாச்சுன்னு சொல்லிட முடியுமா?" என்று கேட்டாள். "முடியுமே" என்றேன். சற்று முன் வகுப்பில் சொன்ன கால வரிசையை அவளுக்காக மட்டும் இன்னொரு முறை, இன்னும் ஆர்வமாகச் சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஒன்பதாவது நாள்னா இந்த மஞ்சள்தானா, மேடம்?" என்றாள். ஏழு முதல் பத்து என்று நான் சொன்னதிலிருந்து ஒன்பதைத் தனியே எடுத்துக் கேட்கிறாளே, எவ்வளவு கூர்மையான பெண் என்று மகிழ்ந்தேன். "ஆமாம்மா, இதேதான்" என்றேன்.

அதற்குப் பிறகுதான் சொன்னாள். அவளுடைய அப்பா ஒன்பதாம் நாள் இறந்தார். முதல் நாள் இரவு நெஞ்சுக்குழியில் வலி என்றும் வேர்க்கிறது என்றும் சொன்னார். வீட்டில் எல்லாரும் வாயு என்று நினைத்தார்கள். ஓமத் தண்ணீர் காய்ச்சிக் கொடுத்தது அவள்தான். குடித்துவிட்டுத் தூங்கினார், மறுநாள் அசதியாக இருக்கிறது என்றார், பிறகு கடைக்குப் போகத் தொடங்கிவிட்டார்.

அட்டெண்டர் சாவியோடு வாசலில் நின்றிருந்தார். "நீ அப்போ சின்னப் பொண்ணும்மா" என்றேன். அவள் தலையசைத்துவிட்டுப் போனாள். அவள் கேட்டது அதையல்ல என்பது அவள் படியிறங்கும்போதே எனக்குத் தெரிந்தது.

என் பக்கத்து நியாயம் ஒன்று உண்டு. அதை நான் பலமுறை எனக்கே சொல்லியிருக்கிறேன். அவள் கேட்டது பொதுவான கேள்வி. ஆசிரியர் ஒரு கேள்வியைப் பெற்றால் பாடத்துக்குள் நின்று விடை சொல்கிறார். ஒவ்வொரு கேள்விக்குப் பின்னாலும் ஒரு மரணம் இருக்கலாம் என்று அஞ்சினால் நோய்க்குறியியலைக் கற்பிக்கவே முடியாது. ஏனென்றால் எங்கள் அருங்காட்சியகத்தில் உள்ள ஒவ்வொரு ஜாடியிலும் இருப்பது யாரோ ஒருவர் வீட்டில் நடந்ததுதான். இந்த நியாயம் பிழையானது என்று இன்றும் நான் நினைக்கவில்லை.

ஆனால் என் விடை பாடமாகவும் சரியானதல்ல என்பதுதான் என்னை விடாமல் உறுத்துகிறது. நிறத்தை வைத்து நாளைக் கணிப்பது தோராயமானது. சிறிய பாதிப்பு விரைவில் ஆறும், பெரியது தாமதிக்கும். பழைய பாதிப்பின் மேல் புதியது விழுந்தால் இரண்டும் கலந்து தெரியும். தொடக்க மணி நேரங்களில் கண்ணால் காண முடியாததைக் காண, அறுத்த இதயத் துண்டை டெட்ரசோலியம் கரைசலில் இட்டு, உயிருள்ள தசை செங்கல் நிறமாவதையும் இறந்தது வெளிறியே நிற்பதையும் பார்க்க வேண்டியிருக்கிறது. கடைசியில் நுண்ணோக்கியின் கீழ் வைத்தாலும் நாங்கள் எழுதுவது ஒரு கால இடைவெளியையே தவிர ஒரு தேதியை அல்ல. இன்னொன்றும் உண்டு: அந்த ஜாடியில் இருக்கும் மஞ்சள் உடலில் இருந்த மஞ்சளே அல்ல. ஃபார்மலினில் இறுகி, சாராயத்தில் நிறம் மீட்கப்பட்டு, கிளிசரினில் ஆண்டுக்கணக்காக நின்று வெளுத்த நிறம் அது. அதைக் காட்டித்தான் "இதேதான்" என்றேன்.

எல்லாவற்றுக்கும் மேலாக, அவளுடைய அப்பாவின் இதயத்தை யாரும் பார்க்கவில்லை. இயற்கை மரணம் என்று கருதப்பட்டால் நம் ஊரில் பிணக்கூறாய்வு நடப்பது அரிது. அந்த முதல் இரவின் வலி இரைப்பையிலிருந்தே வந்திருக்கலாம். இரத்த ஓட்டம் சற்று நேரம் குறைந்து, தசை எதுவும் இறக்காமலே வந்த வலியாகவும் இருக்கலாம். உண்மையான அடைப்பு எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ வந்திருக்கலாம். 'பார்க்காத இதயத்தைப் பற்றி என்னால் எதுவும் சொல்ல முடியாது, அம்மா' என்பதே நோய்க்குறியியலாளர் ஒருவர் சொல்லியிருக்க வேண்டிய விடை. அதை நான் பின்னர் மனத்துக்குள் பலவிதமாக எழுதிப் பார்த்திருக்கிறேன்.

எழுதிப் பார்க்கும்போதெல்லாம் இன்னொரு சந்தேகம் குறுக்கே வருகிறது. அந்த விடை துல்லியமானது, ஆனால் நேர்மையானதா? இதயத்தின் கீழ்ச்சுவரில் வரும் மாரடைப்பு வயிற்று வலியைப் போல வருவது மருத்துவர்கள் எல்லாரும் அறிந்த செய்தி. நெஞ்சுக்குழி வலி, வேர்வை, மறுநாள் அசதி, ஒன்பதாம் நாள் திடீர் மரணம் என்று ஒரு நோயாளியின் கதையாக இதை யாராவது என்னிடம் சொன்னால் நான் என்ன நினைப்பேனோ, அதை அவளும் அடுத்த ஓராண்டில் மருத்துவப் பிரிவு வார்டில் நின்று கற்றுக்கொண்டிருப்பாள். அப்போது, மேடம் அன்றைக்குத் தன்னைச் சமாதானப்படுத்தப் பாடத்தை வளைத்தார் என்று அறிந்திருப்பாள். அது இதைவிடக் குறைவான காயமா என்று எனக்குத் தெரியவில்லை.

மோர்காக்னியின் நூல் கடித வடிவில் அமைந்தது. அவர் உறுப்பிலிருந்து தொடங்குவதில்லை. வயது, தொழில், பழக்கம், என்ன வலி, எத்தனை நாள், எப்படி இறந்தார் என்று மனிதரைச் சொல்லிவிட்டுத்தான் கத்தியை எடுக்கிறார். இதை ஆண்டுதோறும் வகுப்பில் நானே சொல்கிறேன். சொல்லிவிட்டு, பெயரும் கதையும் இல்லாத ஒரு ஜாடியின் முன் மாணவர்களை நிறுத்துகிறேன். கதையை அன்று அவள்தான் கொண்டுவந்தாள். முதல் கேள்வியிலேயே கொண்டுவந்துவிட்டாள் என்று இப்போது படுகிறது. "எத்தனை நாளாச்சுன்னு" என்பது பாடநூலைப் படித்தவர் கேட்கும் கேள்வி அல்ல, வீட்டில் நாளை எண்ணியவர் கேட்கும் கேள்வி. இரண்டாம் கேள்வியிலாவது, அந்த ஒன்பதில், நான் நின்றிருக்க வேண்டும்.

அடுத்த ஆண்டு முதல் வகுப்புக்கு அந்த இதயத்தை விட்டுவிட்டுக் காசநோய் நுரையீரலைக் காட்டினேன். பாலாடைக்கட்டி போல் நொறுங்கும் திசுவைப் பார்த்து மாணவர்கள் வியந்தார்கள். எனக்கு அந்த வகுப்பு பிடிக்கவில்லை. காசநோய் இல்லாத குடும்பங்களா வந்து அமர்ந்திருக்கின்றன? அதற்கடுத்த ஆண்டு இதயத்துக்கே திரும்பினேன். நாள்காட்டி என்ற சொல்லை மட்டும் விட்டுவிட்டேன். அதனால் பாடம் சற்று மங்கிவிட்டது என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

அந்த மாணவியிடம் நான் பேசவில்லை. பேசச் சந்தர்ப்பம் இல்லாமல் இல்லை. ஆண்டிறுதிச் செய்முறைத் தேர்வுக்கு முந்தைய உள்தேர்வில் வாய்மொழிக்கு அவள் என் மேசைக்கு வந்தாள். வரிசைப்படி அவளுக்கு அந்த இதயம் வர வேண்டும். முந்தைய மாணவன் எழுந்து போன இடைவெளியில் நான் அதை அப்பால் நகர்த்தி, கொழுப்பேறிய கல்லீரலை எடுத்து வைத்தேன். அவள் மேசையைப் பார்த்தாள். நகர்ந்த ஜாடியையும் பார்த்தாள் என்றே நினைக்கிறேன். கல்லீரலின் அளவு, மஞ்சள் நிறம், வெட்டுப் பரப்பின் எண்ணெய்ப் பிசுக்கு, காரணங்கள் என்று ஒன்றும் விடாமல் சொன்னாள். சொல்லி முடித்து, கையைக் கட்டிக்கொண்டு, "வேற ஏதாவது கேக்கணுமா, மேடம்?" என்றாள்.

"இல்லம்மா" என்றேன்.