ஆடி மாதப் பாட்டுகள்: மல்லாரிக்கு ஓர் இடம் உண்டு

ஆடி பிறந்துவிட்டால் காவிரி டெல்டாவில் முகூர்த்தம் கிடையாது. மண்டபங்கள் பூட்டிக் கிடக்கும் இந்த ஒரு மாதத்தில்தான் நாகஸ்வரக்காரர்களும் தவில்காரர்களும் நிதானமாக உட்கார்ந்து பேசக் கிடைப்பார்கள் என்பதால், படங்களுக்கு இசையைத் தெரிவு செய்து சேர்த்துத் தரும் என்னைப் போன்றவர்கள் ஒலிப்பதிவு வேலையை ஆடிக்கென்றே ஒதுக்கி வைப்போம். வெள்ளிக்கிழமைகளில் மட்டும் யாரையும் கூப்பிட முடியாது. அம்மன் கோயில்கள் அவர்களை விடாது. இந்த மாதம் கையில் இருப்பவை நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்தைப் பற்றிய ஓர் ஆவணப்படம், ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடையின் விவசாயத்தைப் பற்றிய இன்னோர் ஆவணப்படம், கும்பகோணத்துக் கல்யாண வீடு ஒன்றில் நடக்கும் ஒரு குறும்படம். மாதந்தோறும் எழுதும் பாட்டுத் தெரிவுகளும் இம்முறை இந்த வேலைகளுக்குள்ளிருந்தே வந்தன.

குறும்படத்திலிருந்து தொடங்குகிறேன். எடிட்டிங் மேசையில் அதன் முதல் வடிவத்தைப் பார்த்தபோது, மாப்பிள்ளை மண்டபத்துக்குள் நுழையும் காட்சியில் மல்லாரி ஓடிக்கொண்டிருந்தது. இயக்குநர் எங்கிருந்தோ எடுத்துத் தற்காலிகமாக ஒட்டி வைத்த துண்டு அது. கம்பீரமாக இருக்கிறது, இதுவே இருக்கட்டும் என்றார். கம்பீரமாகத்தான் இருக்கும், கம்பீர நாட்டை ராகத்தில் அமைந்த, சாகித்தியம் என்னும் பாடல் வரிகள் இல்லாத, மூன்று வேகங்களிலும் வாசித்துக் காட்டப்படும் உருப்படி அது. ஆனால் அது சுவாமி புறப்பாட்டுக்கு உரியது. தவில் முதலில் முழங்கி, அதன்பின் மல்லாரி எழும்பினால், கோயிலுக்கு வெளியே தெருவில் நிற்பவருக்குக்கூடச் சுவாமி கிளம்பிவிட்டார் என்று தெரியும். தேருக்குத் தேர் மல்லாரி, நைவேத்தியத்துக்குத் தளிகை மல்லாரி, தீர்த்தத்துக்குத் தீர்த்த மல்லாரி என்று அதற்குள்ளேயே பிரிவுகள் உண்டு. இவ்வளவு துல்லியமாக நேரமும் இடமும் குறிக்கப்பட்ட இசையை மாப்பிள்ளையின் தலைக்கு மேல் வைத்தால், படம் பார்க்கிற திருவாரூர்க்காரர் ஒருவராவது நாற்காலியில் நெளிவார். பட்டணத்து ரசிகருக்குத் தெரியாது என்பது ஒரு வாதம்தான்; தெரிந்தவருக்காகவே வேலை செய்ய வேண்டும் என்பது என் கட்சி. கடைசியில் அந்த இடத்துக்கு ஆனந்தபைரவி ராகத்தில் சிறியதொரு ஆலாபனையைப் புதிதாகப் பதிவு செய்துகொண்டோம். தாலி கட்டும் நேரத்துக்குக் கெட்டிமேளத்தைத் தவிர வேறு எதையும் நான் யோசிக்கவே இல்லை.

அந்தப் பதிவை ஸ்டூடியோவில் செய்யவில்லை. நாகஸ்வரம் திறந்த வெளிக்காகச் செய்யப்பட்ட வாத்தியம். பஞ்சு ஒட்டிய சிறிய அறைக்குள் அதை வாசிக்கச் சொன்னால் ஒலி சுவரில் முட்டிக் கூர்மையாகி, கேட்பவர் காதைப் பொத்திக்கொள்வார். பழைய வீடு ஒன்றின் முற்றத்தில் உட்கார வைத்து, மைக்கை, நாகஸ்வரத்தின் விரிந்த அடிப்பகுதியான அணசுக்கு நேரே நீட்டாமல், பத்தடிக்கு மேல் தள்ளி, சற்று உயரத்தில் நிறுத்தினோம். அணசிலிருந்து வரும் ஒலி பாதிதான்; விரல்கள் திறந்து மூடும் துளைகளிலிருந்து கசிவதும் சேர்ந்தால்தான் அது நாகஸ்வரம். தவிலைத் தனியே பதிவு செய்து பிறகு கலந்துகொள்ளலாம் என்று ஒலிப்பதிவாளர் சொன்னதற்கு வாத்தியக்காரர்கள் இருவருமே சிரித்துவிட்டார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் அவர்களால் ஓர் ஆவர்த்தனம்கூட, அதாவது ஒரு தாளச் சுற்றுகூட, நகர முடியாது.

நரசிங்கம்பேட்டைப் படத்தில் வேறு வகைச் சிக்கல். ஆடுதுறைக்குப் பக்கத்தில் உள்ள அந்த ஊரின் நாகஸ்வரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும், பல்லாண்டுகள் காய்ந்து இறுகிய ஆச்சா மரத்தைத்தான் ஆசாரிகள் தேடி வாங்குகிறார்கள். பச்சை மரம் பின்னால் வளைந்து சுருதியைக் கெடுத்துவிடும். கடைசல் முடிந்து துளைகள் போட்ட பிறகு, வாசித்துப் பார்த்து, கீழ்த் துளைகளில் மெழுகை அடைத்தும் சுரண்டியும் சுருதியைச் சரிசெய்யும் இடம் படத்திலேயே நல்ல இடம். அங்கே பின்னணி இசை கூடாது என்று இயக்குநரிடம் சண்டை போட்டு வாங்கியிருக்கிறேன். ஒரு ஷட்ஜம், அதாவது 'ஸ' என்னும் முதல் சுரம், கொஞ்சம் கொஞ்சமாகத் தன் இடத்துக்கு வந்து சேருவதை மூன்று நிமிடம் கேட்பதைவிட வேறு என்ன இசை வேண்டும்?

அதே படத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டுத் திருவிழா ஒன்றைச் சித்திரங்களாகக் காட்டும் பகுதி வருகிறது. அதற்குப் பாரி நாகஸ்வரம் பொருந்தாது. இன்று நாம் எங்கும் கேட்கும் நீளமான, சுருதி தாழ்ந்த பாரி, நாகஸ்வர மேதை திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையும் வாத்தியம் செய்யும் நரசிங்கம்பேட்டை ரங்கநாத ஆசாரியாரும் சேர்ந்து கொண்டுவந்த மாற்றம். அதற்கு முன் ஒலித்தது குட்டையான, சுருதி உயர்ந்த திமிரி. ஆகவே திமிரி வாசிப்பவரைத் தேடிப் பிடித்தோம். மின் சுருதிப் பெட்டியை அணைத்துவிட்டு, சுருதிக்கு ஒத்து என்னும் குழலை ஊதவும் ஒருவரை உட்கார வைத்தோம். மூச்சு விடாமல் ஒரே சுரத்தை ஊதிக்கொண்டிருப்பவரின் கன்னம் உப்பி அடங்குவதைக் கண்டு ஒளிப்பதிவாளர் கேமராவை அவர் பக்கமே திருப்பி வைத்துவிட்டார்.

இனி மாதத் தெரிவுகள். முதலாவது அப்பரின் திருவையாற்றுப் பதிகம், 'மாதர்ப் பிறைக் கண்ணியானை'. கயிலைக்குப் போக முடியாமல் உடல் தேய்ந்த அப்பருக்குக் கயிலைக் காட்சி திருவையாற்றிலேயே கிடைத்தது என்பது வரலாறு. ஆடி அமாவாசையன்று அந்த ஊரில் அது விழாவாக நடக்கிறது. பாட்டில் அவர் காண்பது களிறும் பிடியும், மயிலும் பேடையும், நாரையும் கிளியும் சோடி சோடியாக வருவதைத்தான். நான்காம் திருமுறையில் உள்ள இதன் பண் காந்தாரம். ஓதுவார்கள் இன்று அதை நவரோஜ் ராகத்தில் பாடுவார்கள். நவரோஜ் மேலே ஏறித் துள்ளாத ராகம், தாலாட்டுகளில் நமக்குப் பழகியது. 'கண்டறியாதன கண்டேன்' என்ற வரி ஒவ்வொரு பாட்டிலும் அதில் வந்து அமரும்போது வியப்புகூட அடங்கிய குரலில் வெளிப்படுகிறது. கச்சேரிப் பதிவைவிடப் பக்கவாத்தியம் இல்லாத ஓதுவார் குரலில் கேட்பதையே சொல்வேன்.

இரண்டாவதும் திருவையாற்றுக்கு உரியதே: தியாகராஜரின் 'ஸாரி வெடலின', ராகம் ஆசாவேரி, தாளம் ஆதி. வந்தவர் இன்னார் என்று பாராமல் வேண்டியதைக் கொடுத்துக்கொண்டு, ஓரிடத்தில் அஞ்சும்படி முழங்கி, வேறோரிடத்தில் கருணை நிறைந்து நடந்து, ரங்கநாதரைச் சேவித்துவிட்டு ஐயாறப்பரைக் காண வரும் கன்னியாகக் காவிரியைப் பாடுகிறார். ஆடிப்பெருக்குக்கு இதைப் போடாத வானொலி இருக்காது. அந்த அளவுக்குத் தேய்ந்த தெரிவு என்று நீங்கள் சொல்லலாம். நான் இதைக் கடைமடைப் படத்துக்குக் கேட்டிருக்கிறேன். ஜூன் 12 அன்று மேட்டூர் அணை திறந்தால் மூன்று நான்கு நாளில் தண்ணீர் கல்லணைக்கு வந்துவிடும். தலைஞாயிறுப் பக்கத்து வாய்க்காலுக்கு அது எப்போது வரும் என்பதற்குப் பஞ்சாங்கம் கிடையாது. வெடித்த வாய்க்கால் தரையின் மீது தயாரிப்பாளர் சோக வயலின் கேட்டார். அந்தத் தரைக்குச் சோகத்தை வெளியிலிருந்து ஏற்ற வேண்டியதில்லை. இன்னார் என்று பாராமல் கொடுப்பவள் என்னும் அநுபல்லவியைத் தெளிவாகப் பாடி, கீழே தமிழில் பொருள் எழுதினால் போதும்.

மூன்றாவது, ராஜரத்தினம் பிள்ளையின் தோடி. அதைப் பற்றி எழுத இங்கே புதிதாக ஒன்றும் இல்லை. ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ மூன்று நிமிடமே இடம் கொடுத்த பழைய இசைத்தட்டுக்குள், வீதியில் மணிக்கணக்கில் விரித்தவர் எதை வைத்துக்கொண்டார், எதை விட்டார் என்று கவனித்துக் கேளுங்கள்.

நான்காவதை நீங்கள் எங்கும் வாங்க முடியாது. கடைமடைப் படத்துக்காகப் பதிவு செய்த நடவுப் பாட்டு அது. நடவு இயந்திரம் வந்தபின் வயலில் பாட்டு அரிதாகிவிட்டது. பாடத் தெரிந்த அக்காமார்களை முதலில் திண்ணையில் உட்கார வைத்துப் பாடச் சொன்னபோது, பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஒப்பிப்பதைப் போல வரிகள் சமமாக வந்தன. "குனிஞ்சாத்தான் தம்பி வரும்" என்றார் மூத்தவர். சேற்றில் இறங்கி நாற்று முடியைப் பிரித்து நட ஆரம்பித்ததும் பாட்டின் மூச்சு மாறியது: நாற்று மண்ணில் ஊன்றும் கணத்தில் சொல் பாதியில் அறுந்து, கை நிமிரும்போது மிச்சப் பாதி வந்தது. ஒருவர் விட்ட இடத்தை அடுத்தவர் எடுத்தார். ரவிக்கையில் மாட்டிய சிறிய மைக்குகளில் சேற்றுச் சத்தமும் வளையல் சத்தமும் கலந்துதான் வந்திருக்கின்றன. அவற்றைச் சுத்தம் செய்ய நான் சம்மதிக்கவில்லை.

உரிமை விஷயத்தைப் பலரும் கேட்கிறீர்கள். இந்தியச் சட்டத்தில் பாட்டும் ஒலிப்பதிவும் தனித்தனிச் சொத்துகள். 1847இல் மறைந்த தியாகராஜரின் கீர்த்தனையை யாரும் பாடலாம்; ஆனால் போன ஆண்டு வெளியான பதிவை எடுத்துப் படத்தில் ஒட்ட அந்த நிறுவனத்தின் அனுமதி வேண்டும். இயற்றியவரின் உரிமை அவர் மறைவுக்குப் பின் 60 ஆண்டுகள் நீடிக்கும் என்பதால், 1973இல் மறைந்த பாபநாசம் சிவனின் பாட்டுகளுக்கு 2033 முடியும்வரை அனுமதி கேட்க வேண்டும். ஒலிப்பதிவுக்கு வெளியான ஆண்டுக்குப் பின் 60 ஆண்டுகள். ஆகவே 1930களிலும் 40களிலும் வந்த தட்டுகளுக்குக் காலம் முடிந்துவிட்டது. நடவுப் பாட்டை இயற்றியவர் யாரென்று சொல்ல முடியாது. ஆனால் பாடியவருக்கு நிகழ்த்துநர் உரிமை உண்டு, அது 50 ஆண்டு. 'நாட்டுப்புறப் பாட்டு, மரபு' என்று ஒரே வரியில் டைட்டிலில் போட்டு முடிக்கிற வழக்கத்தை நான் ஏற்பதில்லை. பாடிய ஒவ்வொருவரின் பெயரும் ஊரும் தனி அட்டையில் வர வேண்டும், படம் விற்றால் அவர்களுக்கும் பங்கு போக வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். இயக்குநர் கையெழுத்திட்டுவிட்டார், தயாரிப்பாளர் பங்கு என்ற சொல்லில் நின்றுகொண்டிருக்கிறார்.