எங்கள் குளக்கட்டைத் திருத்திய கதை

இலங்கையில், மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையில் எங்கள் ஊருக்கு இருப்பது ஒரே ஒரு சிறிய குளம். வயலுக்குப் பாய்வது அந்தத் தண்ணீர்தான். கட்டுக்குக் கீழே இருக்கிற குடிதண்ணீர்க் கிணறுகள் ஆடி, ஆவணியிலும் ஊறுவது அதனால்தான்.

ஒரு மாரியில், வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடும் மதகான துரிசுக்குப் பக்கத்தில் கட்டின் வெளியடி கசியத் தொடங்கியது. மண்கட்டு கொஞ்சம் கசியத்தான் செய்யும். தெளிந்த தண்ணீர் என்றால் பொறுத்துப் பார்க்கலாம். வயலுக்குத் தண்ணீர் பங்கிடுவதைக் கவனிக்கும் வட்டவிதானை, கசிந்த தண்ணீரை ஒரு வெள்ளைப் போத்தலில் பிடித்து வைத்தார். விடிந்து பார்த்தால் அடியில் செம்மண் படிந்து கிடந்தது. "மகன், கட்டு உள்ளுக்கால கரையுது" என்றார். 1986 ஏப்ரல் 20 அதிகாலையில் கந்தளாய்க் குளம் உடைந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்ததை அவர் வயதுக்காரர் யாரும் மறக்கவில்லை. உத்தியோகத்தரிடம் சொல்லி அன்றே நீர்மட்டத்தை இறக்கினோம். மாரிகால நெற்செய்கையான பெரும்போகத்துக்கு நடுவில் அது லேசான முடிவில்லை.

பிறகு அலைச்சல். முதலில் போன அலுவலகத்தில் "இது எங்கட குளமில்லை" என்று திருப்பி விட்டார்கள். உங்கள் ஊரிலும் இது நடக்கலாம், ஆகவே தெரிந்து வைத்திருங்கள்: 80 ஹெக்டயருக்கு, அதாவது ஏறத்தாழ 200 ஏக்கருக்கு, உட்பட்ட வயலுக்குப் பாயும் குளம் சிறுகுளம். அது கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் பொறுப்பு. எங்கள் கமக்கார (விவசாயிகள்) அமைப்பின் காணி இடாப்பை வைத்து ஏக்கர்க் கணக்கை எழுதி, படங்களையும் இணைத்து, அமைப்பின் பெயரிலேயே கடிதம் கொடுத்தோம். பிரதி பிரதேச செயலாளருக்கும் போனது. தனி ஆள் போய்ச் சொல்வதை விட அமைப்பின் கடிதத்துக்குப் பதில் கேட்பது சுலபம். தொழில்நுட்ப உத்தியோகத்தர் வந்து அளந்தார், மதிப்பீடு போனது, காசு வரக் காத்திருந்தோம்.

கோடைச் செய்கையான சிறுபோகம் முடிந்து குளம் வற்றியதும் வேலை தொடங்கியது. துரிசுக் குழாயோரம் தோண்டியபோது காரணம் கண்ணுக்கு முன்னால் வந்தது. எப்போதோ வெட்டிய மருதமரத்தின் வேர் உள்ளுக்குள் உக்கி, கை நுழையும் பொந்தாகிக் குழாயோடு ஒட்டியே போயிருந்தது. கட்டில் மரத்தை வளரவிடுவதும் பிழை, வளர்ந்ததை வெட்டிவிட்டு வேரை மண்ணுக்குள் விடுவதும் பிழை.

வேலை எடுத்தவர்கள் டிப்பரில் மண்ணைக் கொட்டி மட்டப்படுத்திப் போகவே பார்த்தார்கள். நாங்கள் முறை வைத்துக் கட்டில் நின்றோம். களிமண்ணை ஆறு அங்குலத்துக்கு மேல் போடவிடாமல், ஒவ்வொரு படைக்கும் ரோலர் ஓடிய பிறகே அடுத்ததைப் போட வைத்தோம். மண்ணின் ஈரத்தையும் பார்த்தோம்: உருட்டிப் பிடித்தால் உதிரக்கூடாது, உள்ளங்கையில் ஒட்டவும் கூடாது. இந்த இடத்தில் ஊர் விட்டுக்கொடுத்தால் அடுத்த மாரிக்கே திரும்பவும் கசியும்.

அதற்குப் பிறகு வந்த மழையில் குளம் நிரம்பி வான் பாய்ந்தது. துரிசடி காய்ந்தே கிடந்தது. மிகுந்த தண்ணீர் வழிந்தோடும் வான்கட்டில் இன்னும் ஒரு வெடிப்பு இருக்கிறது. அதற்கும் இதே வழியில் கடிதம் கொடுத்திருக்கிறோம்.