நஞ்சைக்கு மேல் பதினெட்டு மாடி

சென்னையின் ஓ.எம்.ஆர். (பழைய மகாபலிபுரம் சாலை) பக்கம் மழைத்தண்ணீர் வீட்டுக்குள் வந்துவிட்டால், "ஏரியைத் தூர்த்து ஃபிளாட் கட்டிட்டாங்க" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். பாதிதான் சரி. பல ஊர்களில் ஏரி இருக்கிறது, கரை இருக்கிறது, மதகுகூட இருக்கிறது. காணாமல் போனது ஏரிக்குக் கீழே நடந்த விவசாயம். வெள்ளக் கணக்கில் அதை யாரும் சேர்ப்பதில்லை.

ஐப்பசி, கார்த்திகையில் ஏரி நிரம்பும். சம்பாவுக்குப் போக மிச்சமிருப்பதை வைத்து அடுத்த நெற்பயிரான நவரை போடுவார்கள். மதகை எப்போது திறப்பது, எந்த மடைக்கு எவ்வளவு நேரம் என்பதை ஊரில் தண்ணீர் பங்கிடும் ஆளான நீர்க்கட்டி பார்த்துக்கொள்வார். நவரை அறுப்பு முடியும்போது ஏரி அடிமட்டத்துக்கு வந்திருக்கும். கோடையில் வண்டல் எடுத்து வயலில் கொட்டுவார்கள். அடுத்த மழைக்கு ஏரி காலியாகக் காத்திருக்கும்.

இன்று ஏரித் தண்ணீர் பாய்ந்த ஆயக்கட்டு முழுக்கக் கட்டடம். மதகைத் திறந்தால் தண்ணீர் நேராக யாருடைய கார் பார்க்கிங்கிலாவது போய் நிற்கும், அதனால் திறப்பதில்லை. போதாக்குறைக்குக் கழிவுநீர் வருஷம் முழுக்க ஏரிக்குள் வருகிறது. புரட்டாசியிலேயே முக்கால் ஏரி நிறைந்து, மேலே ஆகாயத்தாமரை படர்ந்து கிடக்கும். ஐப்பசியின் முதல் பெருமழைக்கே கலங்கல் (உபரிநீர் வெளியேறும் இடம்) வழிய ஆரம்பித்துவிடும். ஒட்டியம்பாக்கம், அரசன்கழனி ஏரிகளின் உபரிநீர் நூக்கம்பாளையம் வழியாகக் கிழக்கே இறங்குகிறது. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் சேர்வது ஒக்கியம் மடு என்ற நீர்வழியைத் தாண்டி, பக்கிங்காம் கால்வாய் பிடித்து, முட்டுக்காட்டில் கடலுக்குப் போக வேண்டும். கிட்டத்தட்ட சமதளம், வாட்டம் கிடையாது. வழியில் ஒரு சிறுபாலம் அடைத்தாலும் பின்னால் உள்ள தெரு நிரம்பும்.

வயலும் ஒரு குட்டித் தொட்டிதான். ஒரு ஏக்கர் நஞ்சையில் வரப்புக்குள் 10 செ.மீ. தண்ணீர் நின்றால் ஏறக்குறைய 4 லட்சம் லிட்டர். அந்த ஏக்கரை நான்கு அடி உயர்த்த 1,742 யூனிட் மண் வேண்டும் (யூனிட்டுக்கு 100 கன அடி). அவ்வளவையும் கொட்டிக் கெட்டித்த பிறகு அந்த இடம் தண்ணீரைத் தாங்குவதில்லை, தள்ளிவிடுகிறது. தள்ளுவது எங்கே? பக்கத்திலிருக்கும் பழைய நத்தத்துக்கு, அதாவது ஊர்க் குடியிருப்புக்கு. ஒரு காலத்தில் ஊரிலேயே மேட்டு நிலம் என்று பார்த்துக் குடியேறிய தெரு அது. இப்போது அங்கே ரோட்டிலிருந்து வாசலுக்கு இரண்டு படி இறங்க வேண்டும்.

இனி ஃபிளாட்டுக்குத் தண்ணீர் வரத்து. ஒரு வளாகத்தில் ஐந்நூறு வீடு, வீட்டுக்கு நான்கு பேர், ஆளுக்கு 135 லிட்டர் என்றால் நாளைக்கு 2,70,000 லிட்டர். 12,000 லிட்டர் லாரியில் 22 நடை போதாது. போர்வெல் தண்ணீர் பல இடங்களில் உப்பு. எனவே மேற்கே இன்னும் பயிர் வைக்கும் கிராமங்களின் கிணற்றிலிருந்து லாரி ஏற்றுகிறார்கள். நெல்லைவிடத் தண்ணீர் விற்பது லாபம் என்றானதும் அந்த ஊரிலும் நடவு நிற்கும். அடுத்து மனை போடுவது அங்கேதான்.

வந்த தண்ணீரில் சுமார் 80 சதவீதம் கழிவாகத் திரும்புகிறது. பாதாளச் சாக்கடை இல்லாத இடத்தில் வளாகத்துக்குள்ளேயே கட்டிய எஸ்.டி.பி. (கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம்)தான் கதி. அது கெடுவது பெரும்பாலும் முதல் வருஷத்திலேயே. ஐந்நூறு வீட்டுக்குக் கட்டிய தொட்டிக்கு நூறு குடும்பத்தின் கழிவு மட்டும் வந்தால் பாக்டீரியாவுக்குத் தீனி போதாது, கழிவைத் தின்னும் பாக்டீரியா சேர்ந்த கசடு கட்டாது. கரண்ட் பில்லுக்குப் பயந்து, தொட்டிக்குள் காற்று ஊதும் ப்ளோயரை அணைத்தால் ஆக்சிஜன் இறங்கி அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். நன்றாக ஓடும் வேறொரு பிளான்ட்டிலிருந்து கசடு வாங்கிவந்து ஊற்றி, ப்ளோயரை நிறுத்தாமல், ஆக்சிஜனை லிட்டருக்கு 2 மில்லிகிராம் அளவில் வைத்திருந்தால் சில வாரங்களில் தேறிவிடும். சுத்திகரித்ததில் கொஞ்சம் ஃப்ளஷுக்கு, கொஞ்சம் செடிக்கு. மிச்சத்துக்குப் போக வழியில்லை. மழைநீர் வடிகாலில் விடுகிறார்கள். வடிகால் ஏரிக்குப் போகிறது.

நிர்வாகத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 2011 அக்டோபரில் 42 உள்ளாட்சிகளைச் சேர்த்து 426 சதுர கி.மீ. ஆன சென்னை மாநகராட்சி, இந்தச் சாலையில் செம்மஞ்சேரியோடு நின்றது. தெற்கே நாவலூர், தாழம்பூர், படூர் எல்லாம் ஊராட்சிகளாகவே தொடர்ந்தன. லிஃப்ட்டில் இறங்கி வந்தால் கிராம சபை. அதற்கு ஃபிளாட்காரர்கள் வருவதேயில்லை என்பது என் ஆதங்கம். வாய்க்காலைத் தூர்வாரச் சொல்லித் தீர்மானம் போட அதைவிட நல்ல இடம் கிடையாது.

வீடு வாங்குகிறவர்கள் வில்லங்கச் சான்றோடு நின்றுவிடுகிறார்கள். சர்வே எண்ணை வைத்து அ-பதிவேடு (நில வகை, உரிமையாளர் விவரம்), புல வரைபடம் (நிலத்தின் அளவுப் படம்) இரண்டையும் எடுங்கள். தமிழ்நிலம் தளத்திலேயே கிடைக்கும். கிராம வரைபடத்தில் ஏரியின் மதகும் கலங்கலும் எந்தப் பக்கம் என்று பார்த்து, அங்கிருந்து கிளம்பும் வாய்க்கால் புறம்போக்கு எண்களை விரலால் தொடர்ந்து வாருங்கள். உங்கள் மனைக்கு ஒரு எண் முன்னால் வாய்க்கால் வந்து, மனையில் காணாமல் போய், பின்னால் மறுபடி முளைத்தால் அங்கே கேள்வி இருக்கிறது. யு.டி.ஆர். என்ற நிலப்பதிவேட்டுப் புதுப்பிப்புக்கு முந்தைய பதிவேட்டின் நகலைக் கேட்டு வாங்குங்கள். வகைப்பாடு இடையில் மாறியிருந்தால் அதில் தெரியும். 3,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட திட்டம் என்றால் ஓ.எஸ்.ஆர். (பொதுத் திறந்தவெளி) நிலமாக ஒதுக்கியது எந்த மூலை என்றும் பாருங்கள். பூங்கா என்ற பெயரில் பள்ளமான மூலையைத் தள்ளிவிடுவது உண்டு.

சைட்டுக்குப் போனால் மாடல் ஃபிளாட்டுக்கு முன் தரைத்தளத்தைப் பாருங்கள். டிரான்ஸ்பார்மரும் ஜெனரேட்டரும் 2015, 2023 வெள்ளக்கோட்டுக்கு மேலே இருக்கின்றனவா, லிஃப்ட் குழியில் தண்ணீர் இறைக்க மோட்டார் இருக்கிறதா, குடிநீர் சம்ப்பின் (தரையடித் தொட்டி) மூடி தரையிலிருந்து எவ்வளவு உயரம். மூடி தரைமட்டத்தில் இருந்தால் அரை அடி வெள்ளத்துக்கே சாக்கடை குடிநீரில் கலந்துவிடும்.