ஈரி ஏரியின் பச்சை நீரும் ஒரு சட்டமும்

2014 ஆகஸ்ட் 2ஆம் தேதி, ஈரி ஏரியிலிருந்து குடிநீர் பெறும் அமெரிக்காவின் டொலிடோ நகரில் ஏறத்தாழ 4 லட்சம் பேரிடம், குழாய் நீரைக் குடிக்க வேண்டாம், கொதிக்க வைக்கவும் வேண்டாம் என்று சொல்லப்பட்டதைப் படித்தபோது எனக்கு நெஞ்சு பதறியது. கொதிக்கக் கொதிக்க நீர்தான் வற்றுமே தவிர, ஈரி ஏரியின் நீலப்பச்சைப் பாசி உண்டாக்கும் மைக்ரோசிஸ்டின் நஞ்சு அழியாது. அடுப்படியில் நாம் காலங்காலமாக நம்பியிருக்கும் வழியே அங்கே கைவிட்டுவிட்டது. தீங்கு தரும் பாசிப்பெருக்கை ஆராய்ந்து கட்டுப்படுத்த 1998இல் இயற்றப்பட்ட கூட்டாட்சிச் சட்டம் முதலில் கடலோரத்தையே பெரிதும் கவனித்தது. ஈரி உள்ளிட்ட பேரேரிகளுக்கும் நன்னீருக்கும் அழுத்தம் தந்த திருத்தம் கையெழுத்தானது, டொலிடோ தவித்ததற்கு ஒரு மாதம் முன்புதான். ஆய்வுக்கும் முன்னறிவிப்புக்கும் அச்சட்டம் வழிசெய்வதை மனதார வரவேற்கிறேன்; ஆனால் வயல்களிலிருந்து மௌமீ ஆற்றின் வழியே ஏரிக்கு வந்துசேர்ந்து பாசியை வளர்க்கும் பாஸ்பரஸைக் குறைத்தே ஆக வேண்டும் என்று அது யாரையும் கட்டாயப்படுத்தவில்லை என்பது என் தீராத மனக்குறை.